மொட்டை மாடி ஆன்டெனாவும் உப்புக் காற்றும்: ஹாம் ரேடியோ கேபிளுக்கு எந்த கனெக்டர்?

திருவொற்றியூரிலோ காசிமேட்டிலோ ஐப்பசி மழைக்கு முன்னால் மொட்டை மாடியில் ஏற்றிய ஆன்டெனா, பொங்கலுக்குள் பாதி ஊமையாகிவிடுவது ஹாம்களுக்கு, அதாவது உரிமம் பெற்றுப் பொழுதுபோக்காக ரேடியோவில் பேசுபவர்களுக்கு, புதிதல்ல. ரேடியோ சரியாக இருக்கும். ஆன்டெனா வளைந்திருக்காது. மீட்டரும் நல்ல எண்ணையே காட்டும். ஆனாலும் போன மாதம் வரை தெளிவாகக் கேட்ட நிலையம் இப்போது இரைச்சலுக்குள் கிடக்கும். கேபிளைக் கீழே இறக்கி, மேல் முனை கனெக்டரிலிருந்து ஒரு சாண் தள்ளி வெட்டிப் பாருங்கள். மினுமினுக்க வேண்டிய செம்புப் பின்னல் கறுத்து, இடையிடையே பச்சை பூத்திருக்கும்.

2015 வெள்ளம், 2016 டிசம்பரில் வர்தா, 2023 டிசம்பரில் மிக்ஜாம் என்று செல்போன் கோபுரங்கள் படுத்துக்கொள்ளும் ஒவ்வொரு முறையும் ஹாம் ரேடியோவைப் பற்றிய பேச்சு எழுகிறது. உரிமம் வாங்கிப் புதிதாக வருபவர்கள் முதலில் குழம்புவது கனெக்டரில்தான். "பிஎல்-259-ஐத் தூக்கிப் போடு, என் டைப்தான் வேண்டும்" என்பார் ஒருவர். "முப்பது வருஷமா அதுதான் போடறேன், ஒண்ணும் ஆகல" என்பார் இன்னொருவர். பிஎல்-259, என் டைப் இரண்டும் கேபிள் முனையில் போடும் கனெக்டர் வகைகள். இரண்டு பேரும் சரிதான். வேறு வேறு அலைவரிசையை, வேறு வேறு ஊரை மனத்தில் வைத்துப் பேசுகிறார்கள், அவ்வளவுதான். கடலோரத்தில் இந்தக் கேள்வியை வேறு வரிசையில் கேட்க வேண்டும்: முதலில் தண்ணீர், அப்புறம் கேபிள், கடைசியில்தான் அலைவரிசை.

கனெக்டர் செய்யும் வேலை

ஹாம்கள் பயன்படுத்தும் கேபிள் கோஆக்சியல் வகை. நடுவில் ஒரு கம்பி, அதைச் சுற்றி பிளாஸ்டிக், அதன்மேல் செம்புப் பின்னல், எல்லாவற்றுக்கும் மேலே கறுப்பு உறை. நடுக்கம்பியின் விட்டத்துக்கும் பின்னலின் உள்விட்டத்துக்கும் உள்ள விகிதம், இடையில் இருக்கும் பிளாஸ்டிக்கின் தன்மை, இவை இரண்டும் சேர்ந்து அந்தக் கேபிளின் மின்மறுப்பை (இம்பீடன்ஸ்) தீர்மானிக்கின்றன. ஹாம் கருவிகளுக்கு இது 50 ஓம். கேபிள் டிவிக்கு 75 ஓம். காற்றை இடைப்பொருளாகக் கொண்ட கேபிளில் இழப்பு மிகக் குறைவாக இருப்பது 77 ஓம் அருகே. அதிக சக்தியைத் தாங்குவது 30 ஓம் அருகே. 50 என்பது இரண்டுக்கும் நடுவில் செய்துகொண்ட சமரசம்.

கனெக்டர் என்பது இந்தக் கேபிளின் தொடர்ச்சி. அதற்குள்ளும் இதே விகிதம் காக்கப்பட்டால் அலை தடையில்லாமல் போகும். காக்கப்படாவிட்டால் ஒரு பகுதி திரும்பி வரும். திரும்பி வருவதன் அளவைக் காட்டுவதுதான் எஸ்டபிள்யூஆர் (ஸ்டாண்டிங் வேவ் ரேஷியோ). எதுவும் திரும்பாவிட்டால் 1, அதிகம் திரும்பினால் எண் ஏறும். 50 ஓம் இருக்க வேண்டிய இடத்தில் 75 ஓம் சுமை இருந்தால் எஸ்டபிள்யூஆர் 1.5, திரும்பி வரும் சக்தி 4 சதவீதம்.

இன்னொரு அடிப்படை, பலரும் கவனிக்காதது. ரேடியோ அலைவரிசையில் மின்னோட்டம் உலோகத்தின் உள்ளே பாய்வதில்லை, தோலில் மட்டும் ஓடுகிறது. செம்பில் 7 மெகாஹெர்ட்ஸில் அந்தத் தோலின் ஆழம் சுமார் 0.025 மில்லிமீட்டர். 145 மெகாஹெர்ட்ஸில் சுமார் 0.0055 மில்லிமீட்டர், தலைமுடியின் தடிமனில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. உப்பு அரிப்பதும் முதலில் அந்தத் தோலைத்தான். கம்பி கெட்டியாகத்தானே இருக்கிறது, மேலே லேசாகக் கறுத்தால் என்ன என்ற கேள்விக்கு இதுவே பதில்.

பெயரில் மட்டும் யுஎச்எஃப்

பெரும்பாலான ஹெச்எஃப் (3 முதல் 30 மெகாஹெர்ட்ஸ் வரை) கருவிகளின் பின்புறம் இருப்பது எஸ்ஓ-239 சாக்கெட். அதில் திருகும் பிளக் பிஎல்-259. இந்த ஜோடிக்கு யுஎச்எஃப் கனெக்டர் என்று பெயர், ஆனால் இன்று நாம் யுஎச்எஃப் (அல்ட்ரா ஹை ஃபிரீக்வன்சி) என்று சொல்லும், 300 மெகாஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட அலைவரிசைக்கு இது அவ்வளவாகப் பொருந்தாது. காரணம் எளிது. 1930-களில், அமெரிக்காவின் ஆம்ஃபெனால் நிறுவனத்தில் இதை வடிவமைத்தபோது, 30 மெகாஹெர்ட்ஸுக்கு மேல் எல்லாமே மிக உயர்ந்த அலைவரிசையாகக் கருதப்பட்டது. பெயர் நின்றுவிட்டது, எல்லைக்கோடு மேலே போய்விட்டது.

இதன் குறை, உள்ளே 50 ஓம் விகிதம் காக்கப்படாதது. பிளக்கும் சாக்கெட்டும் சேரும் இடத்தில் 35 ஓம் பக்கம் இறங்கிவிடுகிறது. ஆனால் அந்த இடத்தின் நீளம் ஏறத்தாழ இரண்டரை சென்டிமீட்டர்தான். அது பிரச்சினையா இல்லையா என்பதை அலைநீளத்தோடு ஒப்பிட்டுத்தான் சொல்ல முடியும்.

1. 7.1 மெகாஹெர்ட்ஸ்: அலைநீளம் 42 மீட்டர். இரண்டரை சென்டிமீட்டர் என்பது அதில் 1,700-இல் ஒரு பங்கு. அலைக்கு அப்படி ஒரு மேடு இருப்பதே தெரியாது.
2. 145 மெகாஹெர்ட்ஸ்: அலைநீளம் சுமார் 2 மீட்டர். 80-இல் ஒரு பங்கு. நல்ல மீட்டரில் தெரியும், பேச்சில் தெரியாது.
3. 435 மெகாஹெர்ட்ஸ்: அலைநீளம் 69 சென்டிமீட்டர். 28-இல் ஒரு பங்கு. கேபிளுக்குள் அலை இன்னும் சுருங்குவதால் உண்மையில் இதைவிட மோசம். இங்கே இரண்டு மூன்று பிஎல்-259-களை அடுத்தடுத்துப் போட்டால் கணக்கு தப்பும்.

ஐகாம் ஐசி-9700 கருவியின் பின்புறத்தைப் பார்த்தால் இந்த எல்லைக்கோடு கண்ணுக்கே தெரியும். 144-க்கு எஸ்ஓ-239 வைத்திருக்கிறார்கள். 430-க்கும் 1200-க்கும் என் டைப்.

என்னைக் கேட்டால் பிஎல்-259-இன் உண்மையான பலவீனம் மின்மறுப்பு அல்ல, அதன் வளையம். சாக்கெட்டின் விளிம்பில் சின்னச் சின்ன வெட்டுகள் இருக்கும். பிளக்கின் உள்விளிம்பில் இரண்டு பற்கள் இருக்கும். பல் வெட்டுக்குள் உட்கார்ந்த பிறகுதான் வளையத்தை இறுக்க வேண்டும். அவசரத்தில் பல் மேட்டின்மேல் நிற்கும்போதே இறுக்கிவிடுகிறோம். கைக்கு இறுகியது போலவே தெரியும். இரண்டு நாள் கடற்காற்றில் கேபிள் ஆடியதும் பல் நழுவி வெட்டுக்குள் விழும், வளையம் தொளதொளவென்று ஆகிவிடும், பின்னலின் தொடர்பு விட்டுவிட்டு வரும். இறுக்கும்போது இன்னொரு கையால் பிளக்கின் உடலை இப்படியும் அப்படியும் லேசாகத் திருப்பிக்கொண்டே இருந்தால், 'டக்' என்று உட்காருவது விரலுக்குத் தெரியும்.

என், பிஎன்சி, எஸ்எம்ஏ, எஃப்

என் டைப்பை 1940-களில் பெல் ஆய்வகத்தின் பால் நீல் வடிவமைத்தார்; 'என்' அவர் பெயரின் முதலெழுத்து. உள்ளே 50 ஓம் விகிதம் சரியாகக் காக்கப்படுகிறது. சாதாரண வகையே 11 கிகாஹெர்ட்ஸ் வரை தாங்கும். அதைவிட முக்கியம், சேரும் முகத்தில் ஒரு ரப்பர் வளையம் இருக்கிறது. தண்ணீர் அந்த வழியாக நுழையாது. ஆனால் "வாட்டர்ப்ரூஃப்" என்ற சொல்லை நம்பி அப்படியே மழையில் விடக் கூடாது. ரப்பர் காப்பது முன்வாசலை மட்டும். கேபிள் நுழையும் பின்வாசலை நாம்தான் அடைக்க வேண்டும். இன்னொரு எச்சரிக்கை: என் டைப்பில் 75 ஓம் வகையும் உண்டு. அதன் நடு ஊசி மெலிது. 50 ஓம் ஆண் முனையை 75 ஓம் பெண் முனையில் செருகினால், உள்ளிருக்கும் பிடிப்பு விரிந்து நிரந்தரமாகக் கெடும்.

பிஎன்சி கால் திருப்பில் மாட்டிக் கழற்றும் வகை. 4 கிகாஹெர்ட்ஸ் வரை சரி. சிசிடிவி கடைகளில் குவிந்து கிடப்பதும் இதுதான், ஆனால் அங்கே கிடைப்பது பெரும்பாலும் 75 ஓம் கேபிளுக்கானது. ஹெச்எஃப்புக்கு அதனால் கெடுதல் இல்லை. அதிக சக்தி தாங்காது என்ற பயம் ஓரளவு மிகை: 50 ஓமில் 100 வாட் என்றால் உச்ச மின்னழுத்தம் 100 வோல்ட், பிஎன்சியின் வரம்போ வழக்கமாக 500. சூடும், எஸ்டபிள்யூஆர் ஏறும்போது கூடும் அழுத்தமும்தான் கவனிக்க வேண்டியவை. வெளியே மாட்டுவதற்கு இது ஆகாது. முகத்தில் நல்ல அடைப்பு இல்லை.

எஸ்எம்ஏ கையடக்கக் கருவிகளில் வருவது. இதில் ஆண் பெண் குழப்பம் தீராதது. நடுவில் ஊசி இருந்தால் ஆண், துளை இருந்தால் பெண். மரை உள்ளேயா வெளியேயா என்பதைப் பார்க்காதீர்கள். பாவ்ஃபெங் யுவி-5ஆர் கருவியில் ஊசி கருவியின் பக்கம் இருக்கிறது. யேசு கையடக்கங்களில் ஊசி ஆன்டெனாவின் பக்கம். ஒன்றின் ஆன்டெனா மற்றதில் ஏறாது. இது போதாதென்று வைஃபை ரூட்டர்களில் வரும் 'ரிவர்ஸ்' எஸ்எம்ஏ வேறு. அதில் மரை அப்படியே இருக்கும், ஊசியும் துளையும் மட்டும் இடம் மாறியிருக்கும். பர்மா பஜாரில் வைஃபை ஆன்டெனாவுக்கான கேபிளை வாங்கி ரேடியோவில் திருகினால் அழகாக ஏறும். உள்ளே துளையும் துளையும் பார்த்துக்கொண்டிருக்கும், தொடர்பே இருக்காது. அந்த நிலையில் டிரான்ஸ்மிட் அழுத்தினால் கருவியின் பாடு கஷ்டம்.

எஸ்எம்ஏயில் தடித்த கேபிளை நேரடியாகத் தொங்கவிடுவதும் தவறு. சுண்டுவிரல் தடிமன்கூட இல்லாத மரை அது. ஒரு முழ நீள மெல்லிய கேபிளை இடையில் போட்டு, அதன் மறுமுனையில் பிஎன்சி வைத்துக்கொண்டால் கருவியின் கழுத்து முறியாது.

எஃப் கனெக்டர் கேபிள் டிவிக்காரர்களுடையது. தெருவுக்குத் தெரு கிடைக்கும் ஆர்ஜி-6 கேபிளை ஹாம் வேலைக்கு எடுக்கலாமா? எடுக்கலாம். 145 மெகாஹெர்ட்ஸில் அதன் இழப்பு, ஹாம்கள் போடும் மெல்லிய ஆர்ஜி-58 கேபிளைவிடக் குறைவு. 50 ஓம் ஆன்டெனாவோடு சேரும்போது, கேபிளின் நீளத்தைப் பொறுத்து எஸ்டபிள்யூஆர் 1-க்கும் 2.25-க்கும் நடுவே எங்காவது நிற்கும். ஆனால் அதன் பின்னல் அலுமினியம், ஈயம் ஒட்டாது; நடுக்கம்பி பெரும்பாலும் செம்புப் பூச்சிட்ட இரும்பு. எஃப் கனெக்டரில் அந்தக் கம்பியேதான் ஊசி. கடற்காற்றில் வெட்டு முனை துருப்பிடிக்கத் தொடங்கினால் நிற்காது. கேட்பதற்கு மட்டும் என்றால் தாராளமாக வைத்துக்கொள்ளலாம்.

முதலில் கேபிள், பிறகு கனெக்டர்

கனெக்டர் ஒவ்வொன்றும் ஒரு குறிப்பிட்ட கேபிளின் அளவுக்குச் செய்யப்படுவது. ஆர்ஜி-58-இன் வெளிவிட்டம் 5 மில்லிமீட்டர். ஆர்ஜி-213-க்கு 10.3. பிஎல்-259-இன் உடல் பத்து மில்லிமீட்டர் கேபிளுக்கானது; ஆர்ஜி-58 என்றால் 'ரிடியூசர்' என்ற சின்னக் குழாயை இடையில் திருக வேண்டும். எல்எம்ஆர்-400 கேபிளும் வெளியே 10.3-தான், ஆனால் நடுக்கம்பி 2.74 மில்லிமீட்டர், ஆர்ஜி-213-க்கு 2.25. வெளியளவை மட்டும் பார்த்து என் டைப் வாங்கினால் ஊசிக்குள் கம்பி நுழையாது. கம்பியை அரத்தால் தேய்த்து நுழைப்பவர்கள் இருக்கிறார்கள். அது செம்புப் பூச்சிட்ட அலுமினியம். தேய்த்தால் மின்னோட்டம் ஓட வேண்டிய தோலையே உரிக்கிறோம்.

இழப்பையும் பார்த்துவிடலாம். மூன்று மாடி வீட்டில் ஆன்டெனா கம்பத்திலிருந்து கீழ்த்தள அறைக்கு 30 மீட்டர் எளிதாக ஆகிவிடும். 145 மெகாஹெர்ட்ஸில் 30 மீட்டர் ஆர்ஜி-58 ஏறத்தாழ 6 டெசிபெல் விழுங்கும். 10 வாட் அனுப்பினால் மேலே போவது இரண்டரை வாட். ஆர்ஜி-213 என்றால் ஐந்தரை வாட் போல மேலே போகும். ஒழுங்காகப் போட்ட ஒரு கனெக்டரின் இழப்பு இதன் பக்கத்தில் ஒன்றுமே இல்லை. ஆர்ஜி-58-இன் நுனியில் தங்க முலாம் பூசிய என் டைப் போடுவது, ஓட்டைக் குடத்துக்குப் பொட்டு வைப்பது மாதிரி.

இங்கேதான் தொடக்கத்தில் சொன்ன "மீட்டர் நல்ல எண்ணையே காட்டும்" என்ற புதிரும் அவிழ்கிறது. மேலே ஆன்டெனாவே கழன்று விழுந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். போன சக்தி முழுவதும் திரும்ப வேண்டும். ஆனால் போகும்போது 6 டெசிபெல், வரும்போது 6 டெசிபெல், மொத்தம் 12 டெசிபெல் கேபிளிலேயே கரைந்துவிடுகிறது. கீழே மீட்டர் காட்டும் எஸ்டபிள்யூஆர் சுமார் 1.7. ஆன்டெனாவே இல்லாமல் 1.7! கேபிளுக்குள் தண்ணீர் ஏற ஏற இழப்பு கூடும், மீட்டர் எண் இன்னும் அழகாகும்.

உப்பும் தண்ணீரும் உள்ளே போகும் வழி

காசிமேட்டு விசைப்படகுகளில் இருக்கும் விஎச்எஃப் கருவிகள் 156 மெகாஹெர்ட்ஸ் பக்கம் இயங்குபவை; அழைப்புக்கான 16-ஆம் சேனல் 156.8. நம் இரண்டு மீட்டர் பட்டைக்கு (145 மெகாஹெர்ட்ஸ் பக்கம்) அது பக்கத்து வீடு. கடல்சார் விஎச்எஃப் கருவிகளில் வழக்கமாக இருப்பதும் அதே எஸ்ஓ-239 சாக்கெட்தான். படகுக்கே அது போதும் என்றால் அந்தக் கனெக்டர் உப்புக்கு ஆகாதது என்று சொல்ல முடியாது. அதை எப்படி மூடுகிறோம் என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

தண்ணீர் நுழைவது மழைத்துளியாக மட்டும் அல்ல. பகல் வெயிலில் கனெக்டர் சூடாகிறது. உள்ளிருக்கும் காற்று விரிந்து வெளியேறுகிறது. மாலையில் கடற்காற்றோ மழையோ சட்டென்று குளிர்விக்கும்போது, வெளியே இருக்கும் ஈரக்காற்றை உள்ளே உறிஞ்சுகிறது. தினமும் ஒரு மூச்சு. அந்த மூச்சில் வரும் ஈரத்தோடு உப்பும் வரும். உள்ளே சேர்ந்த தண்ணீரைப் பின்னல், விளக்குத் திரி எண்ணெயை இழுப்பதுபோல, மீட்டர் கணக்கில் கீழே இழுத்துச் செல்லும். கனெக்டரை மட்டும் மாற்றினால் ஏன் சரியாவதில்லை என்பது இப்போது புரியும். கேபிளுக்குள் இருக்கும் பாலித்தீனின் மின்கடவா எண் (டைஎலக்ட்ரிக் கான்ஸ்டன்ட்) 2.25, தண்ணீருக்கு 80 பக்கம். ஒரு சொட்டு போதும் அந்த இடத்தின் மின்மறுப்பைக் கவிழ்க்க.

உலோகங்களும் ஒன்றோடொன்று சண்டை போடும். அலுமினியக் கம்பத்தில் பித்தளை சாக்கெட்டை நேரடியாகத் திருகினால், உப்பு நீர் நடுவில் பட்டதும் அது சின்ன பேட்டரி ஆகிவிடும். தோற்பது அலுமினியம், வெள்ளைப் பொடியாக உதிரும். வெள்ளி முலாம் பூசியது வெளியே கறுத்தால் அவ்வளவு பயப்பட வேண்டாம். பச்சை தெரிந்தால்தான் உடனே இறக்க வேண்டும்.

மூடும் முறை:

1. மழை இல்லாத நாளில், கனெக்டர் காய்ந்திருக்கும் நடுப்பகலில் வேலையைச் செய்யுங்கள். ஈரத்தை உள்ளே வைத்துப் பூட்டுவது திறந்து விடுவதைவிட மோசம்.
2. முதலில் சாதாரண இன்சுலேஷன் டேப் ஒரு சுற்று. பின்னாளில் கத்தியால் கீறி முழுசாக உரித்தெடுக்க இது உதவும்.
3. அதன்மேல், தன்னோடு தானே ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப். அகலம் பாதியாகும்வரை இழுத்து, ஒரு சுற்றின் பாதியை அடுத்த சுற்று மூடும்படி, கீழிருந்து மேலாகச் சுற்றுங்கள். ஓடு வேய்வதும் கீழிருந்துதானே. கனெக்டரைத் தாண்டி இரண்டு பக்கமும் கேபிளின் மேல் நாலு விரல் போக வேண்டும்.
4. வெயிலிலிருந்து ரப்பரைக் காக்க மறுபடி இன்சுலேஷன் டேப். கடைசிச் சுற்றை இழுக்காமல் விடுங்கள், இழுத்தால் சுருண்டு பிரியும்.
5. சுவருக்குள் நுழையும் முன் கேபிளை ஒரு வளைவாகத் தொங்கவிடுங்கள். வழிந்து வரும் தண்ணீர் அங்கேயே சொட்டிவிடும், வீட்டுக்குள் வராது.

எம்-சீல் வேண்டாம். இறுகியபின் வெயிலில் விரிசல் விடும், பிறகு திறக்கவும் முடியாது. புளித்த வினிகர் வாடை அடிக்கும் சிலிக்கோனும் வேண்டாம். அது காயும்போது விடும் அசெட்டிக் அமிலமே செம்பை அரிக்கும்.

கடையில் பார்க்க வேண்டியது, வீட்டில் பற்ற வைப்பது

ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஒரே மாதிரி தோன்றும் நான்கு பிஎல்-259-களுக்கு நான்கு விலை சொல்வார்கள். நடுவிலுள்ள வெள்ளை வளையம் டெஃப்லானா, மட்ட ரக பிளாஸ்டிக்கா என்பது முதல் கேள்வி. ஒன்றை வாங்கி வந்து சூடான சால்டரிங் அயர்னால் தொட்டால் தெரிந்துவிடும்: டெஃப்லான் அசையாது, மற்றது உருகும். காந்தம் பலமாக ஒட்டினால் உள்ளே இரும்பு, விட்டுவிடுங்கள். மரையையும் சோதியுங்கள். அசல் மரை ஐந்தெட்டாம் அங்குலம், அதாவது 15.9 மில்லிமீட்டர். 16 மில்லிமீட்டர் மெட்ரிக் மரையுள்ளவையும் நடமாடுகின்றன. இரண்டு சுற்று ஏறி இறுகிக்கொள்ளும்.

ஆர்ஜி-213-இல் பிஎல்-259 பற்ற வைப்பதில் முதல் படி, வளையத்தைக் கேபிளில் முன்கூட்டியே கோத்துவிடுவது. எல்லாம் முடிந்த பிறகு மேசைமேல் வளையம் சிரித்துக்கொண்டிருப்பதைப் பார்க்காத ஹாம் இல்லை. மேலுறையை 28 மில்லிமீட்டர் நீக்கி, நடுக்கம்பியை 16 மில்லிமீட்டர் வெறுமையாக்கி, மீதமுள்ள பின்னலில் மெல்லிய ஈயப் பூச்சு கொடுங்கள். உடலைத் திருகி ஏற்றினால், பக்கவாட்டுத் துளைகள் வழியே பின்னல் தெரியும். நிக்கல் முலாமில் ஈயம் எளிதில் ஒட்டாது. துளையைச் சுற்றி அரத்தால் தேய்த்துப் பித்தளை நிறம் வரவழைக்க வேண்டும். சால்டரிங் அயர்ன் குறைந்தது 60 வாட், 100 என்றால் நல்லது. சின்ன அயர்னை வைத்துக்கொண்டு காத்திருந்தால், ஈயம் உருகும் முன் உள்ளே பிளாஸ்டிக் உருகி நடுக்கம்பி பக்கவாட்டில் சாய்ந்துவிடும்.

பற்றவைப்பு கைவராதவர்களுக்கு, அழுத்திப் பொருத்தும் கிரிம்ப் வகை நல்லது, ஆனால் அதற்குரிய அறுகோண அச்சு வேண்டும்: ஆர்ஜி-58-க்கு 5.4 மில்லிமீட்டர், பத்து மில்லிமீட்டர் கேபிளுக்கு 10.9. எலெக்ட்ரீஷியன் லக் அழுத்தும் கருவியால் நசுக்கியது ஒரு பருவத்தைத் தாண்டாது.

எங்கே எது

மாடியில், மழைபடும் எல்லா முனைகளிலும் என் டைப். ஆன்டெனாவிலேயே எஸ்ஓ-239 இருந்தால் அடாப்டர் போடாமல் பிஎல்-259 போட்டு மேலே சொன்னபடி மூடுங்கள். ஒவ்வொரு அடாப்டரும் தண்ணீருக்கு இன்னொரு வாசல். அறைக்குள் ஹெச்எஃப்புக்கும் இரண்டு மீட்டருக்கும் பிஎல்-259 போதும். 435 மெகாஹெர்ட்ஸில் தொலைதூரம் பேசுபவர்கள் முழுக்க என் டைப்புக்கு மாறலாம். அடிக்கடி மாட்டிக் கழற்றும் சின்னக் கருவிகளுக்கு பிஎன்சி.

ஆவணி, புரட்டாசியில், மழை தொடங்கும் முன், கேபிளை ஒருமுறை சோதியுங்கள். இரண்டு முனையும் கழற்றிய நிலையில் நடுக்கம்பிக்கும் பின்னலுக்கும் இடையே மல்டிமீட்டர் எதையும் காட்டக் கூடாது. சில நூறு கிலோஓம் காட்டினால் உள்ளே ஈரம். மேல் முனையில் இரண்டையும் இணைத்துவிட்டுக் கீழே அளந்தால், ஆர்ஜி-213 போன்ற தடித்த கேபிளில் ஒரு ஓமுக்குள் இருக்க வேண்டும். அதிகம் என்றால் எங்கோ ஒரு கனெக்டர் அரிபட்டிருக்கிறது. இந்த இரண்டும் சரியாக இருந்தும் சந்தேகம் தீரவில்லை என்றால், டம்மி லோடையும் (ஆன்டெனாவுக்குப் பதில் மாட்டும் 50 ஓம் சுமை) வாட் மீட்டரையும் மாடிக்குத் தூக்கிச் சென்று, மேலே எத்தனை வாட் வருகிறது என்று பாருங்கள். கீழே இருக்கும் எஸ்டபிள்யூஆர் மீட்டரைக் கேட்காதீர்கள்.